பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அணு ஆயுதக் குறைப்பு பற்றிய தங்கள் கட்டுரை, துல்லியமான கதிர்வீச்சு டிடெக்டர் கிடைத்துவிட்டால், அழிக்கத் தருவது உண்மையான அணு ஆயுதம்தானா என்ற சரிபார்ப்பு சுலபம் என்கிறது. டிடெக்டர் எப்போதோ தயார். அதை இரு தரப்பும் ஒருசேர நம்ப வைப்பதுதான் பெரும்பாடு.

உள்ளே இருப்பது ஆயுதத்தர புளூட்டோனியமா, அதாவது குண்டு செய்ய ஏற்றதா என்று அறிய, புளூட்டோனியத்தின் இரண்டு ஐசோடோப்புகளான (எடை வேறுபட்ட அணு வகைகள்) 240க்கும் 239க்கும் உள்ள விகிதம் 0.1க்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்கா, ரஷ்யா, சர்வதேச அணுசக்தி முகமை 1996இல் தொடங்கிய முத்தரப்பு முயற்சியில் எடுத்துக்கொண்ட வரம்பு இது. இரண்டும் வெளிவிடும் காமா கதிர்களின் ஆற்றலைக் காட்டும் கோடுகள் 642, 646 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒட்டி நிற்கும். சோடியம் அயோடைடு டிடெக்டரால் பிரிக்க முடியாது. குளிரூட்டிய ஜெர்மானியம் டிடெக்டர்தான் வேண்டும். ஆனால் இந்தக் கோடுகள் எல்லாம் சேர்ந்த வரைபடமான நிறமாலையே ராணுவ ரகசியம். ஆகவே கணக்கை டிடெக்டரோடு இணைந்த ஒரு மூடிய பெட்டிக்குள்ளேயே முடித்து, பச்சை அல்லது சிவப்பு விளக்கை மட்டும் வெளியே காட்டுவார்கள்.

இங்கேதான் சந்தேகம் பிறக்கிறது. பெட்டி ரகசியத்தைச் சேமிக்குமோ என்று ஆயுதம் வைத்திருப்பவருக்குப் பயம். எதை வைத்தாலும் பச்சை எரியுமோ என்று ஆய்வாளருக்குப் பயம். அளவை முடிந்த பெட்டியை வெளியே எடுத்துப்போகவும் விடமாட்டார்கள். எனவே ஒரே மாதிரி பத்துக் கருவிகள் செய்து, கடைசி நிமிடத்தில் ஆய்வாளர் சீட்டுக் குலுக்கி ஒன்றை அளவைக்கும், இரண்டை ஊருக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்க்கவும் எடுப்பார். ஒன்றில் மட்டும் தில்லுமுல்லு என்றால் அது அளவைக்கு வர பத்தில் ஒரு வாய்ப்பு. பத்திலும் என்றால் பிரிக்கும்போது அகப்படும். அகப்படும் அளவுக்கு, பெட்டிக்குள் கணக்குப் போடும் கணினிச் சில்லு எளிமையாக இருக்க வேண்டும். இன்றைய சில்லுகளில் டோப்பிங்கை (சிலிக்கனில் சேர்க்கும் நுண்ணளவு கலப்பு) மட்டும் மாற்றினால் நுண்ணோக்கிப் படத்தில்கூடத் தெரியாமல் போகலாம். பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 1975இல் வந்த, சுமார் 3,500 டிரான்சிஸ்டர்களே கொண்ட 6502 செயலியைத் தேடிப் போனது இதனால்தான்.

மின்கம்பி வழியாக மறைசமிக்ஞை வரலாம் என்பதால் பேட்டரியில் ஓட்டுவதே நல்லது. சரியான மாதிரியை வைத்துப் பச்சை வருகிறதா என்று மட்டும் சோதிப்பது அரைகுறை வேலை. விகிதம் கூடிய மாதிரிக்குச் சிவப்பும் எரிய வேண்டும், அளவைக்கு முன்னும் பின்னும். இடையே இரவு வந்தால் இருவர் முத்திரையும் உள்ள அறையில் பூட்டிவைக்க வேண்டும்.

உண்மையில் அடிக்கடி நேரக்கூடியது மோசடி அல்ல, சாதாரணக் கோளாறு. அறை வெப்பநிலை மாறினாலே டிடெக்டர் சமிக்ஞையைப் பெரிதாக்கும் அளவு (பெருக்கம்) நகர்ந்து, கோடுகள் கணக்கிடும் எல்லைக்கு வெளியே போய்விடும், சிவப்பு எரியும். ஏன் என்று பார்க்க நிறமாலையைத் திறக்க முடியாது. எத்தனை முறை மறு அளவை செய்யலாம், எப்போது மாற்றுக் கருவி கேட்கலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். சிவப்பு எரிந்த பிறகு பேச உட்கார்ந்தால், ஒருவர் பழுது என்பார், மற்றவர் ஏமாற்று என்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்