முந்தின நாளே வழியை நடந்து பார்த்தவருக்கு

அணி அணியாகத் தெருக்களில் நடந்து துப்புகளுக்கு விடை தேடும் எங்கள் துப்பு விளையாட்டுக்கு முந்தின நாள் மாலை முழு வழியையும் நடந்து பார்த்துவிட்டு, "ஆறாவது துப்புக்கு விடை கிடைக்காதுங்க" என்று சொல்லிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போனவருக்கு எங்கள் நன்றி.

கட்டடத்தின் கல்வெட்டில் இருக்கும் ஆண்டின் இலக்கங்களைக் கூட்டச் சொன்ன துப்பு அது. கல்வெட்டை மறைத்துச் சாரம் கட்டியிருந்தார்கள். எட்டு அணியும் அங்கேயே தேங்கியிருக்கும். அவர் சொன்னபடி, எதிர்த்தூணில் செதுக்கிய சிங்கத் தலைகளை எண்ணும்படி மாற்றினோம். சுவரொட்டியையோ கடைப் பலகையையோ நம்பித் துப்பு எழுதினால் இன்னும் மோசம், ஒரே ராத்திரியில் அவை காணாமல் போகும்.

நேரக் கணக்கையும் அவர்தான் திருத்தினார். 4 கி.மீ. வழிக்கு மேப் 50 நிமிடம் காட்டும். நின்று படித்து, வாதாடி, தெருவைக் கடந்து போனால் 2 மணி நேரம் ஆகிவிடும். எல்லா அணியையும் ஒரே துப்பில் தொடங்கவிட்டால் பின்னால் வருகிறவர்கள் முன்னால் போகிறவர்களின் முதுகைப் பார்த்தே விடை கண்டுபிடித்துவிடுவார்கள் (நியாயமான குறுக்குவழிதான்!). அதனால் வழியை வட்டமாக்கி, ஒவ்வோர் அணிக்கும் வெவ்வேறு தொடக்கம் கொடுத்தோம். அணிக்கு 4 பேர் போதும். 6 பேர் என்றால் இரண்டு பேர் சும்மா நடப்பார்கள்.

பென்சிலால் குறி போட்ட உங்கள் வரைபடம் எங்களிடம்தான் இருக்கிறது.