முன்குறித்தல் தலைவிதி அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வெளியான கட்டுரையொன்று, நம்மவர் சொல்லும் ஊழும் கிறிஸ்தவர்கள் சொல்லும் முன்குறித்தலும் (தேவன் முன்கூட்டியே தீர்மானித்து வைத்தல்) ஒரே எண்ணத்தின் இரு பெயர்கள் என்று கூறியிருந்தது. சமயங்களுக்கு இடையே உறவு காண விழையும் நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட கட்டுரைதான் அது. ஆயினும் அந்த ஒரு வரியை மறுக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பிழைக்குக் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. எங்கள் ஆலயங்களிலேயே அது நெடுங்காலமாகப் புழங்கி வருகிறது.

ஊழ் என்பது செய்த வினையின் பயன் செய்தவனையே வந்தடையும் நியதி என்பது பரிமேலழகர் தரும் விளக்கம். அதாவது, வினை முந்தியது, ஊழ் பிந்தியது. இயேசுவின் அப்போஸ்தலரான பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் இந்த வரிசையே தலைகீழாகிறது. ஈசாக்கின் இரட்டைப் பிள்ளைகளான ஏசாவும் யாக்கோபும் இன்னும் பிறக்கவில்லை, நன்மையோ தீமையோ ஒன்றும் செய்யவில்லை, அப்போதே மூத்தவன் இளையவனுக்கு ஊழியஞ்செய்வான் என்று தாயிடம் சொல்லப்பட்டது என்று கூறும் பவுல், தெரிந்துகொள்ளுதல், அதாவது தேவன் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது, கிரியைகளால் அல்ல, அழைக்கிறவராலேயே நிலைபெறுகிறது என்று காரணமும் காட்டுகிறார். வினைப்பயனை அறவே விலக்கிவிட்டுப் பேசும் ஒரு கொள்கையை வினைப்பயன் கொள்கையோடு ஒன்றெனச் சொல்வது எப்படிப் பொருந்தும்? இரண்டில் எது சரி என்ற வழக்குக்குள் நான் நுழையவில்லை. இரண்டும் வேறு என்பதே என் கருத்து.

முன்குறித்தல் என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்ட கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் ஆறே இடங்களில் வருகிறது. அவற்றில் ஒன்று கிறிஸ்துவின் சிலுவை மரணத்தையும், மற்றொன்று தேவனுடைய மறைவான ஞானத்தையும் குறிக்கின்றன. எஞ்சிய நான்கும், விசுவாசிகள் குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவதையும், பிள்ளைகளாக ஏற்கப்படுவதையும், சுதந்தரம், அதாவது பிள்ளைகளுக்குரிய உரிமைப்பங்கு, பெறுவதையும் பற்றியவை. திருமணம் எந்த மாதம் நடக்கும், தேர்வில் எத்தனை மதிப்பெண் கிடைக்கும், சாவு எந்தச் சாலைத் திருப்பத்தில் காத்திருக்கிறது என்பவற்றுக்கு அந்தச் சொல் ஓரிடத்திலும் ஆளப்படவில்லை.

இக்கொள்கையை மேலைத் திருச்சபையில் விரிவாக வகுத்தவர் ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீன் (354–430). மனிதன் முயன்றால் தன் ஆற்றலாலேயே பாவமின்றி வாழ முடியும் என்ற பெலாகியுஸின் போதனையை எதிர்த்து அவர் எழுதியவை பலருக்குத் தெரியும். அவரே தம் வாழ்வின் முற்பகுதியில் நன்மை, தீமை என இரு ஆதிசக்திகளை நம்பிய மானிக்கேய சமயத்தாருக்கு எதிராகச் சித்தத்தின் சுயாதீனத்தை வலியுறுத்தி ஒரு நூல் எழுதியவர் என்பதும், இளமையில் சோதிடத்தை நம்பிப் பின்னர் கைவிட்டவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரே வயிற்றில் ஒரே வேளையில் உண்டான ஏசாவும் யாக்கோபும் வாழ்ந்த வாழ்க்கையில் எத்தனை வேறுபாடு, பிறகு கோள்நிலை எதைத் தீர்மானித்தது என்று அவர் சோதிடர்களை மடக்கினார். பவுல் தெரிந்துகொள்ளுதலுக்குக் காட்டிய அதே இரட்டையரை அகுஸ்தீன் விதிக்கு எதிரான சாட்சிகளாக நிறுத்தினார் என்பதை, ஜாதகத்தையும் வேதத்தையும் ஒரே பீரோவில் வைத்திருக்கும் எங்கள் வீடுகள் சில கவனிக்கலாம்.

அப்படியானால் மனித சித்தத்துக்கு இடம் எங்கே என்பது நியாயமான கேள்வி. கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் சண்டையிட்டதும் இதன்மேல்தான். வேதத்தின் யாத்திராகமத்தில் எகிப்திய மன்னன் பார்வோன் தன் இருதயத்தைத் தானே கடினப்படுத்தினான் என்றும் இருக்கிறது, கர்த்தர் கடினப்படுத்தினார் என்றும் இருக்கிறது. 1524இல் டச்சு அறிஞர் எராஸ்முஸ் சித்தம் சுயாதீனமானது என்று எழுத, மறு ஆண்டே ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தர் அது அடிமைப்பட்டது என்று மறுத்தார். தமிழில் அடிமை என்ற சொல்லைக் கேட்டதும் கைவிலங்கிடப்பட்ட ஒருவனை நினைத்துக்கொள்கிறோம். லூத்தர் சொன்னது அதுவன்று. உண்பது, உடுப்பது, வீடு கட்டுவது போன்ற உலகக் காரியங்களில் மனிதன் தெரிவு செய்கிறான் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். தேவனை நோக்கித் தானாகத் திரும்பும் ஆற்றலே அவனுக்கு இல்லை என்றார்.

மற்றொரு சீர்திருத்தவாதியான கால்வினைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. சிலர் ஜீவனுக்கும் சிலர் ஆக்கினைக்கும் முன்குறிக்கப்பட்டனர் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். அந்தத் தீர்மானம் நடுங்கச் செய்வது என்பதையும் தாமே ஒப்புக்கொண்டார். தேவனுடைய ஆளுகைக்கு வெளியே எதுவும் நிகழ்வதில்லை என்பதும் அவருடைய போதனைதான். ஆனால் இதைக் கேட்டு, ‘சாகும் நாள் குறிக்கப்பட்டுவிட்டதென்றால் மருந்து எதற்கு, எச்சரிக்கை எதற்கு?’ என்று கேட்டவர்கள் அவர் காலத்திலும் இருந்தார்கள். நம் ஆயுளுக்கு எல்லை வகுத்தவரே அந்த ஆயுளைக் காக்கும் பொறுப்பையும் அதற்கான வழிவகைகளையும் நம் கையில் தந்திருக்கிறார், ஆகவே மருந்து இருக்கையில் அதை அலட்சியம் செய்யாதே என்பதே அவருடைய பதில். முன்குறித்தலை அவரைவிடக் கடுமையாகப் பேசியவர்கள் குறைவு. அவரே இப்படிச் சொன்னார் என்றால், ‘எல்லாம் தலையெழுத்து’ என்று கைகழுவுவதற்குக் கிறிஸ்தவத்தில் யாரைத் துணைக்கழைப்பது?

இந்த விவாதம் நூல்களோடு நின்றுவிடவில்லை என்பது வருத்தத்துக்குரிய வரலாறு. நெதர்லாந்தில், கால்வின் மரபின் முன்குறித்தல் போதனையை மறுத்த அர்மினியுஸின் வழிவந்தவர்கள், தேவன் தரும் கிருபையை மனிதன் மறுக்கவும் முடியும் என்பது உள்ளிட்ட ஐந்து கூற்றுகளை 1610இல் முன்வைத்தார்கள். 1618–19இல் டார்ட் நகரில் கூடிய சங்கம் அவற்றைத் தள்ளியது. அரசியல் பகையும் சேர்ந்துகொண்டதால், அவர்களுக்கு ஆதரவாக நின்ற முதுபெரும் அரசியல்வாதி ஓல்டன்பார்னவெல்ட் 1619 மே 13 அன்று தலை வெட்டப்பட்டார். கத்தோலிக்கத் திருச்சபையிலும் இதே கேள்வியில் இயேசு சபையாரும் தொமினிக்கன் சபையாரும் பல ஆண்டுகள் மோதினர். 1607இல் ஐந்தாம் பவுல் திருத்தந்தை, ஒரு தரப்பு மற்றதைப் பழிக்கக் கூடாது, தீர்ப்பு உரிய காலத்தில் வரும் என்று சொல்லி வழக்கை முடித்துவைத்தார். அந்தத் தீர்ப்பு இன்னும் வரவில்லை. நம் நீதிமன்றங்களைக் குறை சொல்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், டார்ட் சங்கத்தின் தெளிவைவிட ரோமாபுரியின் இந்தத் தாமதமே மேல்.

எங்கள் தென்னிந்தியத் திருச்சபையும் ஏறக்குறைய அந்த வழியில்தான் பிறந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று ஒன்றுசேர்ந்தவர்களில், முன்குறித்தலைத் தங்கள் பதினேழாம் பிரமாணமாகக் கொண்டிருந்த, இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கர்களும், கால்வின் மரபில் வந்த பிரெஸ்பிட்டேரியர்களும், அந்தப் போதனையை எதிர்த்த ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டுகளும் இருந்தனர். அமெரிக்க மெதடிஸ்டுகளுக்காக 1784இல் ஆங்கிலிக்கப் பிரமாணங்களைச் சுருக்கித் தந்தபோது வெஸ்லி அந்தப் பதினேழாவதை அப்படியே விட்டுவிட்டார். இன்று இம்மரபினரின் பேரப்பிள்ளைகள் ஒரே பந்தியில் நற்கருணை பெறுகிறார்கள். ஒன்றிணைவதற்கு அடிப்படையாகக் கொண்ட அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்திலும் நிசேயா விசுவாசப்பிரமாணத்திலும் முன்குறித்தலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இவ்வளவையும் எழுதத் தூண்டியது கட்டுரை மட்டுமன்று. சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதியில், பின்விளக்கு எரியாமல் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த லாரியின்மேல் இருசக்கர வாகனத்தில் மோதி ஓர் இளைஞன் இறந்தான். அடக்க ஆராதனையில் பேசியவர், அந்த நாளும் நாழிகையும் கர்த்தர் முன்குறித்தது என்று ஆறுதல் சொன்னார். கூட்டம் தலையசைத்தது, நானும் அசைத்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது பையனின் தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், கர்த்தர் குறித்ததுன்னா அந்த லாரிக்காரன் மேல நான் கேஸ் கொடுக்கிறது பாவமா?” என்று கேட்டார். கிருபையைப் பற்றிப் பவுல் எழுதிய ஒரு சொல்லை விளக்கு எரியாத லாரிக்குச் சாட்சியாக நாங்கள்தான் அவர் முன் நிறுத்தியிருந்தோம். பாவமில்லை ஐயா, கொடுங்கள் என்றேன். மறுநாள் காவல் நிலையத்துக்கு அவரோடு நானும் போனேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
பாளையங்கோட்டை.