உரையாடலுக்குள் இருக்கும் தனி மெயிலைக் கையாள வழியில்லை: புகார் கடிதம்

அனுப்புநர்:
ஆவணப் பிரிவு,
சுங்கத் தரகர் அலுவலகம்,
மண்ணடி, சென்னை 600 001.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
மின்னஞ்சல் சேவை நிறுவனம்.

பொருள்: தொகுத்துக் காட்டப்படும் உரையாடலில் ஒரு மெயிலை மட்டும் நீக்கவும், நகர்த்தவும், பிரிக்கவும் வசதி கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் உங்கள் கட்டணச் சேவைதான். ஒரு கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்திலோ எண்ணூரிலோ காட்டுப்பள்ளியிலோ இறங்கி, மாதவரம், மணலி பக்கத்து சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்கு நிலையம்) யார்டைத் தாண்டி வெளியே வருவதற்குள், இறக்குமதியாளர், கப்பல் கம்பெனி ஏஜென்ட், ஃபார்வேர்டர் (சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்பவர்), டிரான்ஸ்போர்ட்காரர் என்று ஆளாளுக்கு அனுப்பும் மெயில்கள் ஒரே தலைப்பின்கீழ் சேர்ந்துவிடும். அவற்றை உங்கள் ஆப் ஒரே உரையாடலாகக் கட்டிக் காட்டுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை; தொடர்ச்சியாகப் படிக்க அது வசதிதான். கட்டியதைப் பிரிக்க வழி வைக்காததுதான் எங்கள் புகார்.

முதலில் நீக்கும் வேலை. ஏற்றுமதிச் சரக்குக்கு பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) டிராஃப்ட் இரண்டு மூன்று முறை திருத்தி வரும். ஒவ்வொரு முறையும் பிடிஎஃப் ஃபைலின் பெயர் அதேதான். கன்டெய்னர் எண்ணில் 4 எழுத்தும் 7 இலக்கமும் உண்டு. கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது என்பதால் அதில் தவறு இருந்தால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். சீல் எண்ணுக்கும் (கன்டெய்னர் கதவில் போடும் முத்திரையின் எண்) எடைக்கும் அப்படிப்பட்ட காவல் கிடையாது. பழைய டிராஃப்ட்டிலிருந்து சீல் எண்ணை எடுத்து எழுதிவிட்டால் யார்டு கேட்டில்தான் தெரியவரும். அதனால் திருத்திய டிராஃப்ட் வந்த உடனே பழையதை அப்புறப்படுத்தியே ஆக வேண்டும்.

உங்கள் மொபைல் ஆப்பில் அந்தப் பழைய மெயிலைத் திறந்து, அதன் மூன்று புள்ளியைத் தொட்டால் பதில், எல்லாருக்கும் பதில், ஃபார்வேர்ட், பிரின்ட் ஆகிய நான்குதான் வருகின்றன. 'நீக்கு' இல்லை. திரையின் மேலே இருக்கும் குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டால் உரையாடல் மொத்தமும் டிராஷுக்குப் போகிறது. பட்டியலில் விரலால் தள்ளினாலும் அதேதான். இறுதி டிராஃப்ட், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் கூடவே போய்விடுகின்றன. கீழே 'உரையாடல் நீக்கப்பட்டது' என்று ஒரு வரி வருகிறதே தவிர, அதற்குள் எத்தனை மெயில், எத்தனை இணைப்பு என்று சொல்வதில்லை. அதையும் படித்து முடிப்பதற்குள் 'திரும்பப் பெறு' மறைந்துவிடுகிறது. டிராஷ் 30 நாளில் தானாகக் காலியாகிறது. 2018-ஆம் ஆண்டின் சுங்கத் தரகர் உரிம விதிமுறைகளோ ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டு பாதுகாக்கச் சொல்கின்றன.

இதைவிடப் பெரிய பணச் சேதம் வரக்கூடியது, ஒரு மெயிலைத் தவறான உரையாடலோடு சேர்த்துவிடுவதில். கப்பல் கம்பெனிகளின் தானியங்கி அரைவல் நோட்டீஸ்கள் (கப்பல் வருகை அறிவிப்புகள்) பலவும் ஒரே தலைப்பில் வருகின்றன. ஒரு மெயில் எதற்குப் பதில் என்பதைச் சொல்ல 'இன்-ரிப்ளை-டு', 'ரெஃபரென்சஸ்' என்று இரண்டு ஹெடர்கள் (மெயிலோடு மறைவாக வரும் குறிப்பு வரிகள்) உண்டு. புதிய நோட்டீஸில் அந்த இரண்டுமே இல்லாதபோதும், தலைப்பு ஒன்றாக இருப்பதால் உங்கள் சர்வர் அதைப் பழைய உரையாடலோடு ஒட்டிவிடுகிறது. முந்தைய சரக்கு முடிந்ததென்று அந்த உரையாடலை மியூட் செய்து அடக்கி வைத்திருந்தால், புதுக் கப்பலின் நோட்டீஸ் இன்பாக்ஸுக்கே வராது. பில் ஆஃப் என்ட்ரியை (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதிப் படிவம்) கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் முதல் 3 நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குமேல் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். சரக்கையும் கன்டெய்னரையும் தாமதமாக எடுப்பதற்கும் திருப்புவதற்கும் விழும் டெமரேஜ், டிடென்ஷன் கட்டணங்கள் எல்லாம் தனிக்கணக்கு.

வெப் பக்கத்தில் தனி மெயிலை நீக்க முடிகிறது, சரி. ஆனால் லேபிளும் ஃபோல்டரும் அங்கேயும் முழு உரையாடலுக்குத்தான். அதிலும் ஒரு குளறுபடி இருக்கிறது: லேபிள் போட்ட பிறகு வரும் பதிலுக்கு அந்த லேபிள் ஒட்டுவதில்லை. பட்டியலில் மட்டும் மொத்தத்துக்கும் லேபிள் இருப்பதுபோல் தெரிகிறது. அந்த லேபிளை ஐமேப் (வேறு மென்பொருளில் மெயிலை இறக்க உதவும் முறை) வழியாக இறக்கி பேக்கப் எடுத்தால், பிறகு வந்த டெலிவரி ஆர்டர் (சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவு) அதில் இருக்காது. கண்ணுக்கு நேரே இருந்த மெயில் பேக்கப்பில் இல்லையென்றால் யாருக்கும் உடனே சந்தேகம் வராது. தணிக்கை வரும்போதுதான் வெளியே வரும்.

ஃபார்வேர்ட் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே உள்ள மெனுவில் 'எல்லாவற்றையும் அனுப்பு' இருக்கிறது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று டிக் செய்ய இடமில்லை. கப்பல் கம்பெனி எங்களுக்குக் கொடுத்த ஃப்ரெய்ட் ரேட் அதே உரையாடலில்தான் இருக்கும். அது வாடிக்கையாளர் கைக்குப் போனால் தொழிலே கெட்டுவிடும்.

இதெல்லாம் தொழில்நுட்பத்தால் முடியாதது என்று தயவுசெய்து பதில் எழுத வேண்டாம். ஐமேப்பில் ஒவ்வொரு மெயிலுக்கும் தனி எண் உண்டு. நீக்கும் குறியும் தனித்தனி மெயிலுக்குத்தான் விழுகிறது. இதே கணக்கை தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் இணைத்து, உரையாடலை விரித்து, நடுவில் உள்ள ஒரே ஒரு மெயிலைத் தேர்ந்தெடுத்து நீக்கினால் அது மட்டும் போகிறது; மற்றவை அப்படியே இருக்கின்றன. உங்கள் சர்வர் ஒத்துக்கொள்கிறது, உங்கள் ஆப்தான் தடுக்கிறது. யார்டில் நிற்கும் எங்கள் ஆளிடம் இருப்பதோ போன் மட்டும்தான்.

ஆகவே நாங்கள் கேட்பது: மொபைல் ஆப்பில் ஒவ்வொரு மெயிலின் மெனுவிலும் நீக்கு, நகர்த்து, லேபிள் மூன்றும் வேண்டும். உரையாடலை நீக்கும் முன் அதில் உள்ள மெயில், இணைப்பு எண்ணிக்கையைக் காட்டிக் கேட்க வேண்டும். ஹெடர் தொடர்பில்லாத மெயிலைத் தலைப்பை மட்டும் பார்த்து இணைப்பதை நிறுத்த வேண்டும். அதற்கு நாள் ஆகுமென்றால், 'இங்கிருந்து தனி உரையாடலாக்கு' என்ற வசதியையாவது முதலில் தர வேண்டும். தொகுப்பையே அணைக்கும் சுவிட்ச் வெப்பில் இருப்பதுபோல் போனிலும் இருக்கட்டும்.

இவற்றில் எது எப்போது வரும் என்று 15 நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்ற தானியங்கிப் பதிலைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டோம். மாற்றம் வரும் தேதி தெரியாமல் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிப்பதாக இல்லை. பிரச்சினை தெரியும் ஸ்கிரீன்ஷாட்களையும், தவறாக இணைந்த நோட்டீஸ்களின் முழு ஹெடரையும் டெக்ஸ்ட் ஃபைலாக இத்துடன் இணைத்துள்ளோம். வாடிக்கையாளர் பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
ஆவணப் பிரிவு ஊழியர்கள்,
மண்ணடி.