சென் தெனி பசிலிக்காவுக்கு வருவோர் அச்சமின்றி வந்துபோக வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியையும் பெற்றோரும்,
லா கூர்னவ், பிரான்ஸ்.

பெறுநர்:
மதிப்பிற்குரிய நகரபிதா அவர்கள்,
நகரசபை, விக்தோர் உகோ சதுக்கம்,
சென் தெனி.

பொருள்: மெற்றோ, ட்ராம் தரிப்பிடங்களில் இருந்து பசிலிக்கா வாசல் வரையான பாதையில் வெளிச்சமும் வழிகாட்டலும் காவலும் ஒழுங்குசெய்து தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய நகரபிதா அவர்களுக்கு,

நாங்கள் லா கூர்னவிலும் அதன் அயலிலும் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தினர். இலங்கையில் இருந்து இடம்பெயர்ந்து வந்து, பிள்ளைகளை இம்மண்ணிலேயே பெற்று வளர்த்து வருகிறோம். சனிக்கிழமைகளில் அவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் இம்மனுவை நான் எழுதுகிறேன். தாம் எதற்குக் கையொப்பம் இடுகிறோம் என்பதைப் பெற்றோர் தம் மொழியிலேயே வாசித்து அறிய வேண்டும் என்பதால் மனு தமிழில் எழுதப்பட்டு, அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

ஆண்டுக்கு ஒரு முறையாவது பிள்ளைகளைச் சென் தெனி பசிலிக்காவுக்கு அழைத்து வருவது எங்கள் வகுப்பின் வழக்கம். 1992 முதல் ஓடும் முதலாம் இலக்க ட்ராமில் லா கூர்னவில் ஏறினால், பசிலிக்காவின் பெயரைத் தாங்கிய தரிப்பிடத்திலேயே இறங்கலாம். ஊரில் இருந்து வரும் உறவினர்களைப் பாரிசுக்குள் கூட்டிச் சென்று நோத்ர தாம் வரிசையில் நிற்கும் எங்களவர் பலருக்கு, 40க்கு மேற்பட்ட அரசர்களும் 30க்கு மேற்பட்ட அரசியரும் அடக்கம் செய்யப்பட்ட ஆலயம் வீட்டில் இருந்து சில தரிப்பிடங்கள் தள்ளி இருப்பது தெரிவதில்லை. தெரிந்தவர்களும் வரத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் பற்றியதே இம்மனு.

உள்ளே பிள்ளைகள் காண்பது எத்தகைய செல்வம் என்பதைத் தாங்கள் எங்களைவிட நன்கு அறிவீர்கள். ஆயினும் எங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லாமல் கோரிக்கைக்குள் செல்ல மனம் வரவில்லை. மடாதிபதி சுஜே எழுப்பி, 1144 ஜூன் 11 அன்று அர்ச்சிக்கப்பட்ட பீடப்பகுதியில்தான் கோதிக் கட்டடக்கலை பிறந்தது என்று வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்ணக் கண்ணாடிகளில் இருந்து இறங்கிய நீலமும் சிவப்பும் தங்கள் சப்பாத்துகளின் மேல் விழுந்து கிடப்பதைப் பார்த்த பிறகுதான் பேச்சு நின்றது. கிடந்த கோலத்தில் செதுக்கப்பட்ட 70க்கு மேற்பட்ட சிலைகளின் கால்மாட்டில் சிங்கம் எது, நாய் எது என்று எண்ணிக்கொண்டு போனவர்கள், பன்னிரண்டாம் லூயியும் அரசி ஆனும் ஆடையற்ற பிணங்களாகக் கிடக்கும் கல்லறையின் முன் நின்றுவிட்டார்கள். உடலைப் பதப்படுத்தத் திறந்து தைத்த வயிற்றுத் தையல்கூட அந்தப் பளிங்கில் தெரிகிறது. 1793இல் பிரெஞ்சுப் புரட்சியின்போது இக்கல்லறைகள் திறக்கப்பட்டு அரசர்களின் எலும்புகள் குழியில் கொட்டப்பட்டதையும், அலெக்சாந்தர் லெனுவார் என்ற ஒருவரின் முயற்சியால் சிலைகள் பிழைத்ததையும் சொன்னபோது, கல்லறைகள் உடைபடுவது என்றால் என்னவென்று அறிந்த தாய்மார் சற்று விலகிப் போய் நின்றார்கள். வெட்டுண்ட தன் தலையைக் கையில் ஏந்தி நடந்தவர் என மரபு சொல்லும் புனித தெனியின் உருவத்தைப் பார்த்து, தன் தலையைத் தானே அரிந்து பலியிடும் வீரனைக் காட்டும் நவகண்டச் சிற்பம் போல இருக்கிறதே என்று ஒரு பாட்டி சொன்னார். இரண்டின் கதையும் வேறு. ஆனாலும் அந்தச் சொல்லில் இருந்த நெருக்கத்தை நான் மறக்கவில்லை.

சென்ற ஆண்டு நவம்பரில் ஒரு சனிக்கிழமை, 14 பிள்ளைகளும் மூன்று தாய்மாரும், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்த ஒரு மாணவியின் அம்மம்மாவுமாக வந்திருந்தோம். மூடும் நேரமாயிற்று என்று சொல்லப்படும்வரை உள்ளேயே நின்றுவிட்டோம். வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ட்ராம் தரிப்பிடத்தில் கடைசிப் பிள்ளை ஏறும்வரை காத்து நின்ற அம்மம்மாவின் கழுத்துக்குப் பின்னால் இருந்து ஒரு கை வந்தது. கதவு மூடும் மணி ஒலித்த அதே நொடியில் சங்கிலி அறுந்தது. குளிருக்குச் சுற்றியிருந்த சால்வையோடு சேர்த்து இழுத்ததால் அவர் பக்கவாட்டில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். சங்கிலியின் கொளுவி மட்டும் சால்வை நூலில் சிக்கிக் கிடந்தது. பேத்தி அதை இன்னமும் தன் பென்சில் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

அன்று நடந்த மற்றதையும் சொல்வது எங்கள் கடமை. அருகில் கைத்தொலைபேசி உறைகள் விற்றுக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் தம் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அவரை இருத்தினார். முக்காடிட்ட பெண்மணி ஒருவர் பொலிஸாரின் அவசர அழைப்பு இலக்கமான 17க்கு அழைத்து, பதற்றத்தில் எங்கள் வாயில் வராத விவரங்களை எங்களுக்காகச் சொன்னார். ஆகவே இவ்வூரையோ இவ்வூர் மக்களையோ குறைகூற இம்மனு எழுதப்படவில்லை. நாங்களும் இதே 93ஆம் மாவட்டத்தவர்கள். எங்கள் பிள்ளைகளின் முகவரியைப் பார்த்து முகம் சுளிப்பவர்களை நாங்களும் சந்திக்கிறோம். ஆபத்து பசிலிக்காவுக்குள் இல்லை, ஊர் முழுவதும் இல்லை. தரிப்பிடத்துக்கும் ஆலய வாசலுக்கும் இடைப்பட்ட சில நிமிட நடையில், குறிப்பிட்ட சில மணி நேரங்களில் இருக்கிறது. அவ்வளவு சிறிய இடமும் நேரமும் என்பதாலேயே அதைச் சீராக்க முடியும் என்று நம்புகிறோம்.

அந்த நேரங்கள் எவை என்பதைப் பலமுறை வந்துபோன அனுபவத்தில் குறிப்பிட விரும்புகிறேன். குளிர்கால மாதங்களில் பசிலிக்கா மாலை 5.15க்கு மூடப்படுகிறது, டிசம்பரில் சூரியன் 5 மணியளவிலேயே மறைந்துவிடுகிறது. ஆகவே அந்த மாதத்தில் கடைசியாக வெளியேறுவோர் ஒவ்வொரு நாளும் இருட்டுக்குள்தான் இறங்குகிறார்கள். அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு ஆகியன சந்தை நாள்கள். ஞாயிறு பார்வையாளருக்குக் கதவு திறப்பது நண்பகல் 12 மணிக்கு, அதாவது சந்தை நெரிசல் உச்சத்தில் இருக்கும் வேளையில். கைப்பையை முன்னால் அணைத்துக்கொண்டு, கையில் வரைபடத்துடன், எந்தப் பக்கம் கோபுரம் என்று தெரியாமல் தடுமாறும் அந்நியரைத் திருடர் அடையாளம் காண்பது எளிது.

தடுமாறுவதற்கும் காரணம் இருக்கிறது. சென் தெனி என்ற பெயரில் பல நிலையங்கள் உள்ளன. ஸ்தாத் த பிரான்ஸ் விளையாட்டரங்கின் பக்கம் இறங்கிவிடுபவர்கள் உண்டு. 2024இல் 14ஆம் மெற்றோத் தடம் சென் தெனி பிளேயெல் நிலையம் வரை நீட்டப்பட்ட பின், அங்கே இறங்கி நெடுந்தூரம் நடப்பவர்களும் உண்டு. பசிலிக்காவுக்கு வரும் 13ஆம் மெற்றோத் தடம் லா பூர்ஷ் நிலையத்தில் இரண்டாகப் பிரிவதை அறியாமல் மற்றக் கிளையில் போய்விடுபவர்களும் இருக்கிறார்கள். வழி தெரியாமல் நிற்பவரே முதலில் பறிகொடுக்கிறார்.

எங்கள் பங்கை நாங்கள் செய்யாமல் இல்லை. நகைகளை வீட்டில் வைத்துவிட்டே வருமாறும், கைத்தொலைபேசியை உள்பையில் வைக்குமாறும், வாகனத்தில் கதவோரம் நிற்க வேண்டாம் என்றும் பயண அனுமதிக் கடிதத்திலேயே எழுதுகிறோம். ஆயினும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அனுப்பிய கடிதத்தில் 14 பிள்ளைகளில் ஐவரின் பெற்றோர் மட்டுமே கையொப்பமிட்டார்கள். மற்றவர்களை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை.

2024 ஒலிம்பிக் கோடையில் இதே வீதிகளில் வழிகாட்டுவோரும் காவலரும் நிறைந்திருந்ததையும், இரவு நேரத்திலும் குடும்பங்கள் அச்சமின்றி நடந்ததையும் நேரில் கண்டோம். அந்த அளவு இப்போது தேவையில்லை. அதில் ஒரு சிறு பகுதி நிரந்தரமாக வேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, அக்டோபர் முதல் மார்ச் வரை மாலை 4.30 தொடக்கம் 6 மணி வரை, பசிலிக்கா வாசலில் இருந்து மெற்றோ, ட்ராம் தரிப்பிடங்கள் வரையான பாதையில் நகரப் பொலிஸார் நடமாட்டம் இருக்க வேண்டும் என்பதாகும். வாகனத்தில் வந்து போவதைவிட, இருவர் நடந்து திரிவதே பயன் தரும். ஞாயிறு நண்பகலில் சந்தைக்கும் ஆலயத்துக்கும் இடையில், சீருடை அணிந்த நகரசபை ஊழியர் ஓரிருவர் வழிகாட்டி நின்றால் போதும். அதே பாதையில் விளக்குகளின் ஒளியைக் கூட்டி, தரையிலும் சுவரிலும் பசிலிக்காவைக் காட்டும் குறிகளைப் பதிக்க வேண்டுகிறோம். தரையில் இருக்கும் குறியைப் பின்தொடர்பவர் கைத்தொலைபேசியை வெளியில் எடுக்கத் தேவையில்லை. நிலையங்களுக்குள் செய்ய வேண்டியவை போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பதால், எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்ற அறிவித்தல் பற்றி அவர்களோடு தாங்கள் பேசித் தர வேண்டும். பாடசாலைக் குழுக்களும் எங்களைப் போன்ற வகுப்புகளும் முன்கூட்டியே அறிவித்தால், திரும்பும் வேளையில் தரிப்பிடம் வரை துணைவர ஓர் ஒழுங்கு அமைந்தால் பெற்றோரின் மனம் மாறும். வழியும் கவனிக்க வேண்டியவையும் அடங்கிய ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் இந்நகரில் பேசப்படும் மொழிகளில் வெளிவருமானால், தமிழ்ப் பகுதியை எழுதித் தரவும் பிழைதிருத்தித் தரவும் நான் ஊதியமின்றி ஆயத்தமாக இருக்கிறேன்.

1846இல் கழற்றி இறக்கப்பட்ட வடக்குக் கோபுரத்தை மீண்டும் எழுப்பும் பணி இப்போது நடைபெற்று வருகிறது. கல் உயர உயரப் பார்க்க வருவோரும் கூடுவார்கள். அவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.

நகரசபையும் பசிலிக்காவும் ஒரே சதுக்கத்தில் அமைந்திருக்கின்றன. ஆகையால் தங்களுக்கு இயன்ற ஒரு குளிர்கால நாளில், ஆலயம் மூடும் மாலை 5.15க்கு, வாசலில் இருந்து ட்ராம் தரிப்பிடம் வரை எங்களோடு ஒரு முறை நடந்து பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். நாளையும் நேரத்தையும் தாங்கள் அறிவித்தால், கை குணமாகிய அம்மம்மாவின் பேத்தி உட்பட, நாங்கள் ஐந்து நிமிடம் முன்னதாகவே வாசலில் நிற்போம்.

நன்றியுடன்,

இங்ஙனம்,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியையும் கையொப்பமிட்ட பெற்றோரும்,
லா கூர்னவ்.

இணைப்பு: பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, பெற்றோர் கையொப்பத் தாள், பாதையின் கைவரைபடம்.