பீர் ஆலை கைமாறுனா கடனை யாரு கட்டுறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல வாசகர் ஒருத்தர், நம்ம டைகர் பீரை வெள்ளக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான், அமெரிக்காக்காரனே அவன் பட்வைசரை பறிகொடுத்துட்டு நிக்கிறான், நாம எம்மாத்திரம்னு மனசு நொந்து எழுதியிருந்தாரு. எனக்கு குடிப்பழக்கம் கெடையாது, ஆனா கம்பெனி கைமாறுற கதை நல்லாவே தெரியும். ரப்பர் தோட்டத்துல கிராணியா, அதாவது ஆபிஸ் கிளார்க்கா, இருந்து ரிட்டயர் ஆனவன் நான், மொதலாளி மாறுறப்பல்லாம் செக்ரோல் புக்கு, அதான் தொழிலாளிங்க பேர்ப் பதிவேடு, என் மேசை மேல தான் கெடக்கும். அந்த அனுபவத்துல பாத்தா அவரு எழுதுனதுல பாதிக்கு மேல எனக்கு ஒப்பலைங்க.

மொதல்ல அந்த டைகர். அது எப்போங்க முழுசா நம்மளோடதா இருந்துச்சு? 1931ல சிங்கப்பூர்ல மலாயன் புருவரிஸ்னு ஆரம்பிச்சப்பவே ஒரு பக்கம் ஃபிரேசர் அண்ட் நீவ், இன்னொரு பக்கம் ஹாலந்துக்காரன் ஹெய்னிகன். ஃபிரேசர் அண்ட் நீவ் மட்டும் யாரு, அதுவும் ரெண்டு வெள்ளக்காரங்க தொடங்குன கடை தான். அடுத்த வருசம் 1932ல டைகர் வெளிய வந்துச்சு. போத்தல்ல புலியும் மரமும் வரைஞ்சிருந்ததால நம்ம ஊர் சரக்குன்னு நாம நெனச்சுக்கிட்டோம், அவ்ளோதான். 2012ல நடந்தது என்னன்னா, தாய்லாந்துல சாங் பீர் விக்கிற கோடீஸ்வரர் தரப்பு ஃபிரேசர் அண்ட் நீவ் பங்கை வாங்க ஆரம்பிச்சுச்சு, ஹெய்னிகனுக்கு வயித்துல புளியைக் கரைச்சுச்சு, பங்குக்கு 50 சிங்கப்பூர் வெள்ளின்னு கேட்டு அப்புறம் 53 வெள்ளியா ஏத்தி டைகர் கம்பெனியை தன் பக்கம் இழுத்துக்கிட்டான். பாதி வீட்டுக்கு ஏற்கெனவே சொந்தக்காரன் மீதியையும் வாங்கிட்டான்னு சொல்லலாம், திருடிட்டுப் போனான்னு சொல்ல முடியாது.

நம்ம மலேசியா பக்கமும் அதே கதை தான். பெட்டாலிங் ஜெயா சுங்கைவேல கின்னஸ் ஆலை ஒன்னு இருந்துச்சு, 1989ல அதையும் மலாயன் புருவரிஸோட இங்க இருந்த கம்பெனியையும் சேத்து கின்னஸ் ஆங்கர் பெர்ஹாட்னு ஆக்குனாங்க. ஹெய்னிகன் தரப்பும், கின்னஸுக்குச் சொந்தக்காரனான இங்கிலாந்து டியாஜியோவும் கூட்டு. 2015 அக்டோபர்ல டியாஜியோ தன் பங்கை ஹெய்னிகனுக்கே வித்துட்டான், அதுவும் தனியா இல்ல, ஜமாய்க்கா நாட்டு ரெட் ஸ்ட்ரைப் பீரையும் சேத்து ஒரே பொட்டலமா கட்டி கொடுத்தான். சுங்கைவேல வேலை செய்யுற நம்ம பையனும் ஜமாய்க்காவுல வேலை செய்யுற ஒருத்தனும் ஒரே காகிதத்துல கைமாறுனாங்க, ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. 2016ல போர்டு ஹெய்னிகன் மலேசியான்னு மாறுச்சு. இன்னொரு பெரிய ஆலை ஷா ஆலாம்ல இருக்குற கார்ல்ஸ்பர்க், அது டென்மார்க்காரனோடது. ஆகக்கூடி நாட்டுல இருக்குற ரெண்டு பெரிய ஆலையிலயும் "நம்மளோடது"ன்னு ஒன்னு இருந்ததே இல்ல.

அந்தக் காலத்துல தோட்டத்துக் கள்ளுக்கடை மட்டும் நம்மளோடதாவா இருந்துச்சு? அரசாங்க லைசென்ஸ், நடத்துறது தோட்ட நிர்வாகம், சம்பளத்தன்னிக்கு ஆபிஸ்ல வாங்குன காசு சாயங்காலம் அதே நிர்வாகத்துக்கு திரும்பிப் போயிரும். எங்க பீடோங் பக்கத்துல 1947ல கள்ளு வேணாம்னு நின்ன தொண்டர் படைக்காரங்க கள்ளுக்கடை முன்னால மறியல் பண்ணது சும்மாவா? சரி அது வேற கதை, விட்டுருவோம்.

அமெரிக்கா கதைக்கு வாரேன், ஏன்னா அந்த வாசகர் அங்க தான் தப்பான எடத்துல அழுவுறாரு. 2008 ஜூன்ல பெல்ஜியம் லூவன் நகரத்துல தலைமை ஆபிஸ் வச்சிருக்குற இன்பெவ், பட்வைசர் காய்ச்சுற அன்ஹைசர்-புஷ் கம்பெனியை பங்குக்கு 65 டாலர் கொடுத்து வாங்குறேன்னு கேட்டான். அன்ஹைசர்-புஷ் தலைமை ஆபிஸ் இருக்குற செயிண்ட் லூயிஸ் ஊர்ல பெரிய கலாட்டா, அரசியல்வாதிங்க எல்லாம் குரல் கொடுத்தாங்க, எலெக்‌ஷன்ல நின்ன ஒபாமா கூட வெளிநாட்டுக்காரன் கைக்குப் போனா வருத்தம் தான்னு சொன்னாரு. ஜூலைல 70 டாலர்னு ஏத்துனதும் எல்லாம் அடங்கிப் போச்சு. மொத்தம் 52 பில்லியன் டாலர். இத்தனைக்கும் அந்த புஷ் குடும்பத்தோட முன்னோர் ஜெர்மனில இருந்து வந்து குடியேறுனவரு, கம்பெனி கைமாறுற நேரத்துல குடும்பத்துக்கிட்ட இருந்த பங்கும் கொஞ்சம் தான், மத்ததெல்லாம் பங்குச் சந்தைல எவன் எவனோ வச்சிருந்தது. வித்தவன் வெளிநாட்டுக்காரன் இல்ல, 70 டாலரைப் பாத்து கையெழுத்து போட்ட உள்நாட்டுக்காரன்.

இதுல பேப்பர்காரங்க யாரும் பெருசா எழுதாத விசயம் ஒன்னு இருக்கு. அந்த 52 பில்லியன்ல இன்பெவ் பேங்க்ல ஏற்பாடு பண்ண கடன் மட்டும் 45 பில்லியன். அதுவும் எப்போ, 2008ல, உலகமே பேங்க் திவாலாகி அலறிக்கிட்டு இருந்த நேரத்துல. கடன் வாங்கி மாடு வாங்குனவன் பாலைப் பூரா வித்துத் தான் தவணை கட்டுவான், கன்னுக்குட்டிக்கு மடியை விட மாட்டான். அதே தான் நடந்துச்சு. நவம்பர்ல டீல் முடிஞ்சுது, டிசம்பர்ல ஏறக்கொறைய 1,400 பேருக்கு வேலை போச்சுன்னு அறிவிப்பு, அதுல பெரும்பகுதி செயிண்ட் லூயிஸ் ஆளுங்க. அமெரிக்காவுல அப்போ இருந்த 12 ஆலைல எதையும் மூட மாட்டோம்னு வாக்கு கொடுத்திருந்தான், அதை அப்போ காப்பாத்துனான், அதுக்கும் மேல வெட்ட வேண்டியதை ஆபிஸ்ல வெட்டிட்டான். சரக்கு சப்ளை பண்றவனுக்கு காசு கொடுக்குற கெடுவை 120 நாள்னு இழுத்தான். வேலைக்காரங்களுக்கு மாசா மாசம் கொடுத்துக்கிட்டிருந்த இலவச பீரைக் கூட நிறுத்திட்டான்னா பாத்துக்கோங்க. கம்பெனிக்குச் சொந்தமா இருந்த சீவேர்ல்ட் மாதிரி பொழுதுபோக்குப் பூங்கா எல்லாம் 2009ல வித்தாச்சு. தென்கொரியாவுல ஓரியண்டல் புருவரின்னு ஒன்னு வச்சிருந்தான், கடன் கழுத்தை நெரிச்சதுல அதே 2009ல 1.8 பில்லியனுக்கு வித்தான், 2014ல அதே ஆலையை 5.8 பில்லியன் கொடுத்து திரும்பி வாங்குனான். நம்ம ஊர்ல பொண்டாட்டி தாலியை அடகு வச்சவன் கூட இப்படி வட்டி கட்டியிருக்க மாட்டான்.

இன்னொன்னு கேளுங்க, சிரிப்பு வரும். 2016ல அமெரிக்கா எலெக்‌ஷன் சமயத்துல பட்வைசர் டின் மேல பட்வைசர்ங்குற பேரை எடுத்துட்டு "அமெரிக்கா"ன்னு அடிச்சு வித்தாங்க. அடிச்சவன் பெல்ஜியத்துல ஆபிஸ் வச்சிருக்குற கம்பெனி. குடிச்சவனும் நாட்டுப்பற்றோட குடிச்சிருப்பான். கொடியைப் பாத்து நாம பேசிக்கிட்டே இருக்கணும்னு தான் அவங்களும் நெனைக்கிறாங்க, அப்போ தானே கணக்குப் புக்கை யாரும் திறந்து பாக்க மாட்டாங்க.

இந்தியாவுல கிங்ஃபிஷர் பீர் கதையும் கடன் தான், ஆனா தலைகீழா. அங்க வாங்குனவன் கடன் இல்ல, வித்தவன் கடன். விஜய் மல்லையா பிளேன் கம்பெனிக்காக வாங்குன கடனுக்கு அவரோட பீர் கம்பெனி பங்கை கடன் வசூலிக்கிற தரப்பு வித்துச்சு, 2021ல ஹெய்னிகன் அதை வாங்கி யுனைடெட் புருவரிஸ் நிர்வாகத்தையே கைக்குள்ள கொண்டு வந்துட்டான். பீர்ல நட்டமே இல்ல, ஆகாயத்துல போன நட்டத்துக்கு பீர் கம்பெனி பலியாச்சு.

இப்போ நம்ம தோட்டத்துக்கு வருவோம், ஏன்னா இந்த விசயத்துல நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. 1981 செப்டம்பர் 7ந்தேதி லண்டன் பங்குச் சந்தைல காலைல சில மணி நேரத்துல கத்ரிங்குற தோட்டக் கம்பெனியோட பெரும்பான்மை பங்கை நம்ம அரசாங்கத்தோட முதலீட்டு நிறுவனமான பி.என்.பி. வாங்கிருச்சு. வெள்ளக்காரன் கம்பெனி நம்ம நாட்டுக்காரன் கைக்கு வந்துச்சு, அதாவது இன்னிக்கு அந்த வாசகர் அழுவுற அழுகையை அன்னிக்கு லண்டன்காரன் அழுதான். நம்ம ஆளுங்க எல்லாருக்கும் பெருமை தான், எனக்கும் தான், அப்போ இளவட்டம். ஆனா மறுநாள் காலைல பேர் கூப்புடுற பெரட்டு அதே நேரம், பால்மரம் அதே மரம், லயத்து வீட்டுல குழாய்த் தண்ணி அதே ஒழுகல். சம்பளம் கொடி மாறுனதால ஏறல. 2007ல சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப்னு மூனு கம்பெனியும் ஒன்னா சேந்தப்பவும் அப்படித் தான், போர்டுல பெயிண்ட் அடிச்சவனுக்கு மட்டும் ரெண்டு நாள் ஓவர்டைம்.

ஆனா வேற மாதிரி கைமாறுறது ஒன்னு இருக்கு, அது தான் நம்ம சனத்தை கொன்னது. கம்பெனி பங்கை விக்காம தோட்டத்தையே வெட்டி வெட்டி விக்கிறது. ஐம்பது அறுபதுகள்ல நடந்த துண்டாடல் அது தான், வேலையும் போச்சு வீடும் போச்சு, அதைப் பாத்துத் தான் அப்போ அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சு தொழிலாளிங்க கிட்ட பத்து பத்து வெள்ளியா சேத்து தோட்டம் வாங்க வச்சாரு, மொதல்ல வாங்குனதே எங்க கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டம் தான்.

நான் கிராணியா இருந்த தோட்டங்கள்ல ஒன்னுல, பேரு வேணாம், பின்னால ஒரு பகுதியை வேற கம்பெனிக்கு வித்தாங்க. புது கம்பெனியோட கணக்காளர் வந்து என் மேசைல உக்காந்து செக்ரோல் புக்கை திறந்தாரு, கடைசிப் பேருக்கு கீழ ஸ்கேல் வச்சு சிவப்பு பேனாவால கோடு போட்டாரு, பக்கத்தை திருப்பி அதே ஆளுங்களுக்கு ஒன்னாம் நம்பர்ல இருந்து புதுசா எழுதச் சொன்னாரு. வயசான ஒரு அம்மா, தோட்டத்துல ரப்பர் பால் வாளி தூக்கியே முதுகு வளைஞ்சவங்க, அவங்களுக்கு நம்பர் நாலு. ஏதோ நேத்து தான் வேலைக்குச் சேந்த மாதிரி. ஏன் சார் இப்படின்னு கேட்டேன், கம்பெனி புதுசுய்யா, சர்வீசும் புதுசுன்னாரு.

அப்படி கிடையாது. நம்ம நாட்டுல 1980ல வந்த விதிமுறை ஒன்னு இருக்கு, வேலையை விட்டு நிறுத்துனா தொழிலாளிக்கு கொடுக்க வேண்டிய சலுகை பத்தினது. தொழில் கைமாறுனா புது மொதலாளி ஏழு நாளுக்குள்ள, பழைய சலுகைக்கு கொறையாம, வேலை தாரேன்னு சொல்லணும், சொன்னா பழைய சர்வீஸ் சேந்து தான் எண்ணிக்கை. சொல்லலைன்னா பழைய மொதலாளியும் புது மொதலாளியும் சேந்து நட்டஈடு கட்டணும், அஞ்சு வருசமோ அதுக்கு மேலயோ வேலை செஞ்சவங்களுக்கு வருசத்துக்கு 20 நாள் சம்பளம். எங்க தோட்டத்துல பழைய சம்பள சீட்டை மடிச்சு சாமி படத்துக்குப் பின்னால சொருகி வச்சிருந்தவங்க லேபர் ஆபிஸ்ல கேஸ் போட்டு வருசக் கணக்கை வாங்கிட்டாங்க. சீட்டு இல்லாதவங்க பாடு பெரும்பாடா போச்சு.

இதுல சூட்சுமம் என்னன்னா, பீர் ஆலை மாதிரி பங்கு கைமாறுறப்ப இந்த ஏழு நாள் விதி எட்டிப் பாக்காது, ஏன்னா சட்டத்துக்கு மொதலாளி மாறவே இல்ல, அதே கம்பெனி, அதே வேலைக் கடிதம். கோடு போட முடியாது, அது நல்லது தான். ஆனா மெதுவா வேற வழில வரும். சம்பளப் பட்டியல்ல இருக்குற ஆளை கழிச்சுட்டு அதே வேலையை காண்ட்ராக்ட்ல கொடுக்குறது, லோரி ஓட்டுறவனை ஏஜென்ட் ஆளா மாத்துறது, வயசானவனை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்புறது. செயிண்ட் லூயிஸ்லயும் ஆலைக் கதவுக்கு யாரும் பூட்டு போடலை, ஆபிஸ்ல நாற்காலி தான் காலியாச்சு. இதுக்கு டச்சுக்காரன், பெல்ஜியக்காரன், நம்மாளுன்னு வித்தியாசம் எதுவும் கெடையாது, கடன் எவ்ளோங்குறது தான் வித்தியாசம்.

அதனால ஆசிரியர் ஐயா கிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை எந்தக் கம்பெனி கைமாறுனாலும், பீரோ, தோட்டமோ, பிஸ்கட்டோ, எவ்ளோ விலைக்கு வாங்குனாங்கன்னு கொட்டை எழுத்துல போடுறீங்க இல்லையா, அதுக்குக் கீழ அதுல எவ்ளோ கடன், விக்கிறது பங்கா சொத்தா, தொழிற்சங்க ஒப்பந்தம் எந்த வருசம் முடியுது, இந்த மூனையும் சின்ன எழுத்துலயாவது போடச் சொல்லுங்க. பேரப்பசங்க பீர் ஆலைலயும் பீர் லோரிலயும் வேலை செய்யுற குடும்பம் இந்தப் பக்கம் நெறைய இருக்கு, அவங்களுக்கு அது தான் நியூஸ். டைகர் இப்போ முன்ன மாதிரி ருசி இல்லன்னும் அந்த வாசகர் கடைசில எழுதியிருந்தாரு, அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது, என் மச்சானை கேட்டேன், யோசிச்சு சொல்றேன்னு ரெண்டு டின்னை எடுத்துக்கிட்டுப் போனவரு தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
பீடோங், கெடா