பதாகை போதும், மைதானத்துக்குக் கிரவல் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள பாடசாலை ஒன்றின் 20 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணி மாகாணச் சம்பியனான செய்தி, தங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் நான்கு வரியில் வந்திருந்தது. வெற்றிக் கோலை அடித்த பிள்ளையின் படமும் இருந்தது. மகிழ்ச்சி. ஆனாலும் வெபர் மைதானத்தில் வெயிலில் நின்று அந்த ஆட்டத்தைப் பார்த்தவன் நான். அந்த நான்கு வரி எனக்குப் போதவில்லை.

ஆடி மாதத்துப் பிற்பகல். கச்சான் காற்று எப்படி வீசும் என்று மட்டக்களப்பாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்று அது ஒரு கோலிலிருந்து மற்றக் கோலுக்கு நேராக வீசிக்கொண்டிருந்தது. நாணயச் சுழற்சியில் வென்ற நம் அணித் தலைவன், காற்றை முகத்தில் வாங்கும் பக்கத்தையே முதற்பாதிக்குத் தெரிவுசெய்தான். பக்கத்தில் நின்ற பெரியவர் தலையில் கைவைத்துவிட்டார். "கிடைத்த காற்றை எவனாவது எதிராளிக்குக் கொடுப்பானா, தம்பி?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் விளங்கவில்லை என்பதுதான் உண்மை.

பத்து நிமிடத்தில் விளங்கியது. காற்று தங்கள் பக்கம் என்ற துணிவில் எதிரணியினர் பந்தை உயர உயர உதைத்தார்கள். அதுவோ முன்வரிசையின் காலுக்கு எட்டாமல் கோட்டைத் தாண்டி ஓடியது. அவர்களும் அதன் பின்னாலேயே ஓடி, இடைவேளைக்கு முன்பே இடுப்பில் கைவைத்து நின்றார்கள். நம் பிள்ளைகள் பந்தை முழங்காலுக்கு மேல் எழும்பவே விடவில்லை. காலுக்குக் கால், காலுக்குக் கால் என்று தரையோடு தரையாகக் கொண்டுபோனார்கள். இரண்டாம் பாதியில் கோல்காப்பாளன் ஒரேயொரு தடவை கச்சானை நம்பி ஓங்கி உதைத்தான். பந்து மைதானத்தின் முக்கால்வாசியைக் கடந்து விழுந்து, ஒரு குதி குதித்துப் பின்காவலனின் தலைக்கு மேலால் போனது. முன்னே ஓடிய பிள்ளை அதைத் தொட்டுத்தான் விட்டான். அந்தத் தொட்ட பிள்ளையின் படம்தான் தங்கள் பக்கத்தில் வந்தது! நானும் ஒரு காலத்தில் கோல்காப்பாளனாக நின்றவன், அதனால் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம். விடியப்புறம் தகப்பனோடு வாவியில் வலை இழுத்துவிட்டுப் பாடசாலைக்கு வருகிற அந்தக் கோல்காப்பாளனின் கைகளை ஒரு தடவை பார்த்தால் நீங்களும் என் பக்கம் சாய்வீர்கள்.

தேசிய மட்டத்தில் இரண்டாவது ஆட்டத்தோடு திரும்பிவிட்டார்கள். அதில் எனக்குக் கவலை இல்லை. எங்கள் காலத்தில் ஆட்டத்துக்குப் போய்ச் சேர்வதே பெரும்பாடு. வாவியைக் கடக்க மண்முனையில் பாலம் கிடையாது, 'பாதை' என்கிற மிதவைதான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் பாதை அக்கரையில் நின்றுவிட, சப்பாத்தைக் கழுத்தில் தொங்கவிட்டபடி இக்கரையில் குந்தியிருந்தே ஓர் ஆட்டத்தை நாங்கள் தோற்றோம். 2014இல் பாலம் திறந்த பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கதை அளக்கிறேன் என்று சிரிக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். சந்திக்குச் சந்தி இப்போது பதாகைகள். அவற்றில் பெரிய மனிதர்களின் முகம் அண்டாவளவு, பிள்ளைகளின் முகங்கள் புளியங்கொட்டையளவு. வருகிற வாரம் பாராட்டு விழாவாம், பொன்னாடைகளுக்குச் சொல்லியாகிவிட்டதாம். பதினெட்டு வயதுப் பிள்ளை பொன்னாடையை வைத்து என்ன செய்வான்? அணிக்கு இருப்பவை இரண்டு பந்துகள். அதில் ஒன்று சைக்கிள் கடையில் ஒட்டுப்போட்டது. விதிப்படி பந்தின் நிறை 410 கிராமிலிருந்து 450 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஒட்டுகளோடு இந்தப் பந்து எத்தனை கிராம் என்பதைத் தராசில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மாற்று வீரன் உள்ளே போவதற்கு முன், வெளியே வருகிறவன் சப்பாத்தைக் கழற்றும்வரை கோட்டோரம் வெறுங்காலோடு நின்றதை நான் கண்ணால் கண்டேன்.

பந்தும் சப்பாத்தும் எப்படியோ வந்துவிடும், பழைய மாணவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வராதது மைதானம்தான். இந்த அணி வளர்ந்தது பாடசாலைக் காணியில் அல்ல, ஒரு போடியாரின் வட்டையில், அதாவது நிலக்காரர் ஒருவரின் வயல்வெளியில். பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்ததும், நீர்ப்பாய்ச்சல் இல்லாத அந்த வயலில் பிள்ளைகள் ஒட்டுத்தாள் மிதித்து, வரம்பு வெட்டி, கம்பு நட்டுக் கோல் அமைத்தார்கள். கட்டாந்தரையில் கச்சானுக்கு எதிரே பந்தை அடக்கி ஆடப் பழகியதெல்லாம் அங்கேதான். புரட்டாதி கடந்தால் போடியார் உழவு இயந்திரத்தை இறக்குவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நெல் விளைந்தால்தானே அவருக்குச் சோறு.

அதன் பிறகு? பாடசாலை மைதானம் பள்ளத்தில் இருக்கிறது. நம் மாவட்டத்து மழையில் பெரும்பங்கு கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில்தான் கொட்டுகிறது. அந்தக் காலத்தில் அங்கே பந்து உருளாது, கெளுத்தி பிடிக்கலாம். ஐந்து மாதம் பந்தைத் தொடாமல் பிறகு போட்டிக்குப் போ என்றால் எப்படி? இப்போதைய பதினொருவரில் பெரும்பாலானோர் உயர்தரப் பரீட்சையோடு வெளியேறிவிடுவார்கள். இனிமேல் வர வேண்டிய பிள்ளைகள் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் கால் பழகுவது எங்கே?

மின்விளக்கும் பார்வையாளர் அரங்கும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரண்டடி உயரத்துக்குக் கிரவல் கொட்டி, மேலே மண் பரப்பி, வாவிப் பக்கமாக ஒரு வடிகான் வெட்டினால் போதும். வெபர் மைதானத்துக்குத் தன் பெயரைத் தந்த அருட்தந்தை 1947இல் அமெரிக்காவிலிருந்து வந்து, அரை நூற்றாண்டு இங்கேயே இருந்து நம் பிள்ளைகளை விளையாட வைத்தவர். அவருடைய முகம் போட்ட பதாகை எதையும் நான் சந்தியில் கண்டதில்லை. விழா நடத்துகிறவர்கள் அந்த மைதானத்தில் ஒருதரம் நின்று யோசித்துவிட்டுப் பொன்னாடைக் கணக்கைப் போடட்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். கிண்ணத்தோடு படம் எடுக்க வந்த தங்கள் புகைப்படக்காரரை மார்கழியில் இன்னொரு தடவை அனுப்புங்கள். மண்முனைப் பாலத்தைக் கடந்து வந்து யாரைக் கேட்டாலும் பாடசாலையைக் காட்டுவார்கள். குடையும், கழற்றிய சப்பாத்தைப் போட ஒரு பையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
பழைய கோல்காப்பாளன்,
கொக்கட்டிச்சோலை.