கொடி யார் கையில் இருக்க வேண்டும்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா,
ஆடி மாதம்.

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. இங்கே அனைவரும் நலம். கோயிலில் கூழ் ஊற்றும் வேலைகளில் வீட்டுப் பெண்கள் மும்முரமாக இருப்பதால் எனக்கு நிதானமாக உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது. உங்கள் ஊர் லெனேசியாவின் குளிரில் உங்கள் முழங்கால் வலி கூடியிருக்கும். எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

பேரனுடைய ரக்பி ஆட்டத்தில் எழுந்த தகராறு உங்கள் காதுக்குப் பாதிதான் எட்டியிருக்கிறது என்பது உங்கள் கேள்விகளிலிருந்து தெரிகிறது. அன்றைக்கு ஆட்டம் எதிரணிப் பள்ளியின் மைதானத்தில். நேரம் முடியும் தறுவாயில் அவர்கள் 24–18 என்று முன்னிலையில் இருந்தார்கள். அப்போது நம் பையன்கள் எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதித்து, மூலையில் ஒரு ட்ரை போட்டார்கள். ஐந்து புள்ளி சேர்ந்து 24–23 ஆயிற்று. அதைத் தொடரும் உதை இரு கம்பங்களுக்கும் நடுவே போனால் இரண்டு புள்ளி, ஆட்டம் நம் பக்கம். ட்ரை போட்ட இடத்துக்கு நேரே பின்வாங்கித்தான் உதைக்க வேண்டும் என்பதால், அந்தப் பையன் கிட்டத்தட்ட ஓரக்கோட்டில் பந்தை நட்டு உதைத்தான். பந்து வலது கம்பத்தின் உச்சியையும் தாண்டி உயரத்தில் போயிற்று. கம்பத்துக்கு மேலே பந்து போனால், கம்பம் வானம் வரை நீண்டிருப்பதாக வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டுக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்று பார்ப்பதே விதி. இடது கம்பத்தடியில் நின்ற நம் பள்ளி ஆசிரியர், உதை உள்ளே போயிற்று என்று கொடியை உயர்த்தினார். வலது கம்பத்தடியில் நின்ற அவர்கள் பள்ளி ஆசிரியர் கொடியைத் தாழ்த்தியபடியே அசையாமல் நின்றார். நடுவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் இளைஞர். இருவரிடமும் போய்ப் பேசிவிட்டு, உதை செல்லாது என்று கைகாட்டி ஊதி முடித்தார்.

அதன் பிறகுதான் அசிங்கம். நம் பக்கத்துத் தந்தை ஒருவர் கைபேசியை நீட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கி, அந்த இளைஞரை வழிமறித்து, "நீயே பார்" என்று கத்தினார். நம் அணித்தலைவன் நடுவில் புகுந்து அவரைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான். பதினேழு வயதுப் பிள்ளை அப்பன் வயதுக்காரரை அடக்க வேண்டியதாயிற்று. ஆட்டக்காரர்களில் அணித்தலைவன் ஒருவன்தான் நடுவரிடம் பேசலாம், மற்றவர் வாயைத் திறந்தால் தண்டனை உதையைப் பத்து மீட்டர் முன்னால் நகர்த்திவிடுவார்கள் என்று பையன்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறோம். வேலிக்கு வெளியே நிற்கும் பெரியவர்களுக்கு அப்படி எந்தக் கடிவாளமும் இல்லை.

ஒளிப்பதிவைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றினால் என்ன என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்தப் பதிவை நானும் பார்த்தேன். பக்கவாட்டுப் படிக்கட்டிலிருந்து எடுத்த படத்தில், கம்பத்துக்கு மேலே பறக்கும் பந்து உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை யாராலும் சொல்ல முடியாது. கம்பத்தின் அடியில் நின்று நேராக அண்ணாந்து பார்ப்பவருக்கு மட்டுமே அது தெரியும். கொடிக்காரர்களை அங்கே நிறுத்துவதே அதற்காகத்தான். பந்து வலது கம்பத்துக்கு மேலே போனதால், உண்மையை அறிந்திருக்கக்கூடியவர் அந்த எதிரணி ஆசிரியர் ஒருவரே. அவர் நேர்மையாகவே கொடியைத் தாழ்த்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பள்ளியின் சம்பளத்தில், அந்தப் பள்ளியின் சட்டை அணிந்து நிற்கிறவர் சொல்வதை நம் பக்கத்தில் ஒருவரும் நம்பப் போவதில்லை. நம் ஆசிரியரை அவர்கள் மட்டும் நம்புவார்களா? கொடி அவர்கள் இருவர் கையிலும் இருந்திருக்கவே கூடாது என்பதுதான் என் வாதம். நடுவரை மாகாண நடுவர் சங்கம் அனுப்புகிறது. கொடி பிடிக்கும் ஓரக்கோட்டு நடுவர் வேலைக்கு மட்டும் இரு பள்ளிகளும் ஆளுக்கொரு ஆசிரியரைக் கொடுத்து ஒப்பேற்றுகின்றன. தகராறு பிறக்கும் இடம் இதுதான்.

டர்பனில் 1995 ஜூன் 17 அன்று நடந்த உலகக் கோப்பை அரையிறுதி உங்களுக்கு நினைவிருக்கும். கிங்ஸ் பார்க் மைதானத்தில் பெய்த மழையில் பெண்கள் துடைப்பம் கொண்டு தண்ணீரைத் தள்ளிய நாள். கடைசி நிமிடங்களில் பிரான்சின் பெனாசி கோட்டருகே பந்தோடு விழுந்தார். நடுவர் டெரெக் பெவன் ட்ரை இல்லை என்றார். நாம் 19–15 என்று வென்றோம். அந்தத் தீர்ப்பு தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் இறுதி ஆட்டத்துக்குப் பிந்தைய விருந்தில் நம் ரக்பி சங்கத் தலைவர் லூயிஸ் லைட் அதே பெவனைக் கூப்பிட்டுத் தங்கக் கடிகாரம் கொடுத்தார் பாருங்கள், அதன் பிறகு பிரெஞ்சுக்காரர்களுக்கு யார் என்ன சமாதானம் சொல்ல முடியும்? நடுவர் சுத்தமாக இருப்பது மட்டும் போதாது. அவரைச் சந்தேகிக்க இடம் கொடுக்காமல் வைத்திருப்பது ஆட்டத்தை நடத்துகிறவர்களின் கடமை.

அதே கிங்ஸ் பார்க்கில் 2002 ஆகஸ்டில் பார்வையாளர் ஒருவர் உள்ளே ஓடி நடுவர் டேவிட் மக்ஹியூவை வீழ்த்தித் தோள்மூட்டை இடம்பெயர வைத்தார். கைபேசியோடு இறங்கிய அந்தத் தந்தையைக் கண்டபோது எனக்கு அந்தக் காட்சிதான் முன்னால் வந்து நின்றது. 2021-இல் தேசிய அணியின் ரக்பி இயக்குநர் ராசி எராஸ்மஸ் நடுவரின் தீர்ப்புகளைக் குறைகூறி ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட காணொளி வெளியிட்டு, அதற்காக இரண்டு மாதத் தடை வாங்கினார். மேலே இருப்பவர்கள் இப்படி நடந்துகொண்டால் பள்ளி மைதானத்தில் பெற்றோர் அடங்குவார்களா?

பெற்றோரின் பதற்றம் எனக்குப் புரியாமல் இல்லை. ஜூலையில் மாகாணப் பள்ளி அணிகள் மோதும் க்ரேவன் வாரத்துக்கு மாகாண அணியில் இடம் கிடைக்குமா, அதன் வழியாக உதவித்தொகையோ ஒப்பந்தமோ வருமா என்று கணக்குப் போட்டே பல வீடுகளில் பையனை வளர்க்கிறார்கள். ஹில்டன், மைக்கேல்ஹவுஸ் என்ற பழைய பள்ளிகள் இரண்டும் 1904 முதல் மோதி வருகின்றன. அங்கே தாத்தா தோற்ற ஆட்டத்தைப் பேரன் மனப்பாடமாகச் சொல்வான். நமக்கு அந்தப் பரம்பரை கிடையாது. க்ரேவன் வாரம் 1964-இல் தொடங்கியபோது நம் நிறத்துப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. 1980-இல்தான் கதவு கொஞ்சம் திறந்தது. நிறவெறி ஆட்சியில், மைதானத்தில் நமக்கென்று ஒதுக்கிய மூலையில் நின்று வெளிநாட்டு அணிக்குக் கைதட்டியவர்கள் நாம். அந்த மூலையிலிருந்து வந்த குடும்பங்கள், மற்றவர்களின் பகைமையை இவ்வளவு சீக்கிரம் தங்கள் வீட்டுச் சொத்தாக்கிக்கொண்டதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

போதாததற்கு, விதி தெரியாமலும் கத்துகிறார்கள். பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில், இரு அணியினரும் தோள் பிணைத்துத் தள்ளும் ஸ்க்ரமில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது. பிள்ளைகளின் கழுத்தும் முதுகும் காக்கப்பட வேண்டும் என்பதற்காக வந்த விதி அது. தேசிய அணி எதிரியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போவதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர்கள், பள்ளி ஆட்டத்தில் நடுவர் ஊதி நிறுத்தியதும் வஞ்சனை என்கிறார்கள்.

பேரன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, இப்போது தேறிவிட்டான். உதைத்த பையனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதில் எனக்குப் பெருமை.

பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் தயாரிக்கிறேன். முதல் அணி ஆட்டங்களுக்கு ஓரக்கோட்டு நடுவர்களையும் நடுவர் சங்கமே அனுப்ப வேண்டும். ஆள் போதாவிட்டால், அன்று ஆடாத மூன்றாவது பள்ளியிலிருந்து வரட்டும். போக்குவரத்துச் செலவை இரு பள்ளிகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம். உங்கள் கால்பந்துச் சங்கத்தில் நீங்கள் செயலாளராக இருந்த காலத்தில் கோட்டு நடுவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், கூலி எவ்வளவு, பணத்துக்கு எங்கே போனீர்கள் என்பதை விவரமாக எழுதி அனுப்புங்கள். குழு இந்த மாதக் கடைசியில் கூடுகிறது. அதற்கு முன் உங்கள் பதில் கைக்கு வந்தால் விண்ணப்பத்தில் சேர்த்துவிடுவேன்.

அண்ணியாரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்